பாதையைத் தட்டாமல் அடைவுக்குப் போவது எப்படி?

அடையாறில் உள்ள எங்கள் சிறிய அலுவலகத்தில் சென்னையின் மழைக்காலப் பதிவுகளைத் தொகுக்கிறோம். மாநகராட்சியின் 15 மண்டலங்களுக்கும் ஆண்டுக்கு ஓர் அடைவு (கோப்புகளை வைக்கும் கோப்புறை) வீதம் வைத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் ‘படங்கள்’, ‘அளவுகள்’, ‘வரைபடங்கள்’ என்று மூன்று உள்ளடைவுகளை அமைத்திருக்கிறோம். ஓர் ஆண்டுக்கே 45 உள்ளடைவுகள் ஆகிவிடுகின்றன. தேனாம்பேட்டையின் அளவுகளைச் சரிபார்த்துவிட்டு அடையாறின் படங்களுக்குப் போக வேண்டுமென்றால், கட்டளைவரியில் (கட்டளைகளைத் தட்டி இயக்கும் டெர்மினல் சன்னலில்) இப்படி எழுத வேண்டும்:

சி.டி. ~/மழைப்பதிவு/2024/மண்டலம்-13-அடையாறு/படங்கள்

ஒரு முறை எழுதுவதில் சிரமமில்லை. ஒரு நாளைக்கு அறுபது, எழுபது முறை இப்படி அங்குமிங்கும் போய்வர வேண்டியிருக்கும்போதுதான், இதற்குக் குறுக்குவழி இல்லையா என்ற கேள்வி எழுகிறது. குறுக்குவழிகள் பல இருக்கின்றன. கட்டளைவரிக்குப் புதியவர்களுக்காக, அவை எந்த அடிப்படையில் இயங்குகின்றன என்பதை இங்கே விளக்க முயல்கிறேன். கட்டளைகளின் பெயர்களை ஒலிப்பின்படி தமிழில் எழுதியிருக்கிறேன். கணினியில் தட்டும்போது அவற்றை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்ட வேண்டும். குறுந்தகட்டுக்கும் மேலே உள்ள சி.டி.க்கும் தொடர்பில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது ‘அடைவை மாற்று’ என்று பொருள்படும் ஆங்கிலத் தொடரின் சுருக்கம்.

முதலில் ஓர் அடிப்படைக் கருத்து. டெர்மினல் சன்னலைத் திறந்ததும் அதற்குள் ஷெல் என்னும் நிரல் ஓடத் தொடங்குகிறது. நாம் தட்டும் கட்டளைகளை வாங்கி நிறைவேற்றுவது அதுதான். லினக்ஸில் பெரும்பாலும் பாஷ் என்ற ஷெல்லும், 2019-இல் வெளியான கேட்டலினா பதிப்பிலிருந்து மேக் கணினிகளில் இசட்-ஷெல்லும் இயல்பாக அமைந்திருக்கின்றன. ஷெல் எப்போதும் ஏதேனும் ஓர் அடைவுக்குள் ‘நின்றுகொண்டிருக்கிறது’. அதற்கு நடப்பு அடைவு என்று பெயர். கோப்பின் பெயரை மட்டும் சொல்லி ‘இதைத் திற’, ‘இதை அழி’ என்று நாம் ஏவும்போது, நடப்பு அடைவில் உள்ள கோப்பையே அது எடுத்துக்கொள்ளும். ஆகவே எங்கே நிற்கிறோம் என்பது கட்டளைவரியில் சாதாரண விஷயமன்று. இதை மறந்ததால் எனக்கு நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

ஷெல்லிலேயே இருப்பவை

எந்தக் கருவியையும் நிறுவுவதற்கு முன், ஷெல்லோடு வருபவற்றை அறிந்துகொள்வது நல்லது. சி.டி. என்று மட்டும் தட்டி என்டர் விசையை அழுத்தினால் நம் வீட்டு அடைவுக்கு, அதாவது நம் சொந்தக் கோப்புகள் இருக்கும் அடைவுக்கு, திரும்பிவிடலாம். சி.டி.க்குப் பின் இடைவெளி விட்டு ஒரு சிறுகோடு இட்டால், சற்றுமுன் எந்த அடைவில் இருந்தோமோ அங்கே போய்விடும். மறுபடியும் அதையே தட்டினால் பழையபடி இங்கே வந்துவிடும். இரண்டே அடைவுகளுக்கு நடுவில் மாறிமாறி வேலை செய்பவருக்கு இந்தச் சிறுகோடு ஒன்றே போதும். நான் பார்த்த வரையில், ஆண்டுக்கணக்காக லினக்ஸைப் பயன்படுத்துபவர்களிலும் பலர் இதை அறியாமல் இருக்கிறார்கள்.

வீட்டு அடைவைக் குறிக்கும் ‘~’ என்ற நெளிகோட்டுக்கு ஒரு சுவையான பின்னணி உண்டு. 1970-களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் சி-ஷெல்லை எழுதிய பில் ஜாய், ஏ.டி.எம்.-3ஏ என்ற முனையத்தில் வேலை செய்துவந்தார். அதன் விசைப்பலகையில் நெளிகோடும் ‘ஹோம்’ என்ற சொல்லும் ஒரே விசையில் பொறிக்கப்பட்டிருந்தன. அந்த முனையங்கள் போன பின்பும் நெளிகோடு ‘வீடு’ என்ற பொருளோடு நிலைத்துவிட்டது.

அதே சி-ஷெல்லில் பிறந்தவைதான் புஷ்-டி, பாப்-டி என்னும் கட்டளைகள். புதிய அடைவுக்குப் போகும்போது பழையதை அடுக்கின் மேல் வைத்துவிட்டுப் போவதும், திரும்பும்போது மேலே இருப்பதை எடுத்துக்கொண்டு அங்கே போவதும் அவற்றின் வேலை. ஒரு வேலையின் நடுவே வேறொன்றுக்குக் கிளைபிரிந்து, பின்பு முதல் வேலைக்குத் திரும்புவதற்கு அவை பொருந்தும். பிடித்தமான அடைவுகளை நிலையாக நினைவில் வைத்திருக்க அவை உதவா. சன்னலை மூடினால் அடுக்கும் மறைந்துவிடும்.

சி.டி.-பாத் என்ற ஷெல் மாறியும் (ஷெல் பெயரிட்டு நினைவில் வைத்திருக்கும் மதிப்பு) உண்டு. ‘நான் சொல்லும் பெயரை இந்த இந்த அடைவுகளுக்குள்ளும் தேடு’ என்று ஷெல்லிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது அது. 2024-ஆம் ஆண்டின் அடைவை அதில் சேர்த்துவிட்டால், எங்கிருந்தாலும் சி.டி. மண்டலம்-13-அடையாறு என்று மட்டும் தட்டலாம். ஒரே ஓர் எச்சரிக்கை: அந்த மாறியை ‘எக்ஸ்போர்ட்’ செய்யக் கூடாது. செய்தால் நாம் இயக்கும் ஸ்கிரிப்டுகளுக்குள்ளும் (கட்டளைகளை வரிசையாக எழுதி வைத்த கோப்புகள்) அது புகுந்து, அவற்றில் உள்ள சி.டி. கட்டளைகள் எதிர்பாராத அடைவுக்குப் போய்விட வாய்ப்பு ஏற்படும்.

நாமே பெயரிட்டு வைப்பது

பிடித்தமான அடைவுகளுக்கிடையே தாவும் கருவிகளில் எளிய வகை, புத்தகக்குறியைப் போன்றது. ஓர் அடைவில் நிற்கும்போது ‘இந்த இடத்துக்கு ஏ.பி. என்று பெயர்’ என்று சொல்லிவிடுகிறோம். கருவி அந்தப் பெயரையும் முழுப் பாதையையும் ஒரு சாதாரண உரைக்கோப்பில் குறித்துக்கொள்கிறது. பிறகு எங்கிருந்தாலும் அந்தப் பெயரைச் சொன்னால் அங்கே கொண்டுபோய் விடுகிறது. பாஷ்மார்க்ஸ் என்ற கருவியில் சேமிக்க எஸ், போக ஜி, பட்டியலிட எல், நீக்க டி, பாதையைக் காட்ட பி என்று ஓரெழுத்துக் கட்டளைகள் இருக்கின்றன. இசட்-ஷெல் பயன்படுத்துபவர்கள் தனிக் கருவி இல்லாமலேயே இதைச் செய்துகொள்ளலாம்: ஹேஷ் என்ற கட்டளையுடன் சிறுகோடும் டி-யும் சேர்த்து ஒரு பெயரைப் பாதையோடு இணைத்துவிட்டால், நெளிகோட்டை அடுத்து அந்தப் பெயரை இட்டுச் சி.டி.யிலும் பிற கட்டளைகளிலும் பயன்படுத்தலாம். அந்த இணைப்பு வரியை, ஷெல் தொடங்கும்போது படிக்கும் தொடக்கக் கோப்பில் எழுதி வைத்தால்தான் அடுத்த சன்னலிலும் கிடைக்கும்.

தமிழில் அடைவுப் பெயர் வைப்பவர்களுக்கு இந்த முறையில் இரட்டை ஆதாயம் இருக்கிறது. ‘மண்டலம்-13-அடையாறு’ என்று தட்ட விசைப்பலகையைத் தமிழுக்கு மாற்ற வேண்டும், சி.டி. என்று தட்ட மறுபடியும் ஆங்கிலத்துக்கு மாற்ற வேண்டும். இந்த மாற்றம்தான், பாதையின் நீளத்தைவிட, எங்களை அதிகம் சோர்வடையச் செய்தது. பாஷ்மார்க்ஸில் குறிப்பெயருக்கு ஆங்கில எழுத்து, எண், அடிக்கோடு ஆகியவை மட்டுமே செல்லும் என்பது கட்டுப்பாடாகத் தோன்றினாலும், நடைமுறையில் அதுவே எங்களுக்கு வசதியாகிவிட்டது: பெயர் தமிழில் இருக்கும், அதற்கான குறி ஆங்கிலத்தில் இரண்டு எழுத்தாக இருக்கும்.

இந்தக் கருவிகள் யாவும் எங்கோ ஓர் இடத்தில் ஷெல்லின் தொடக்கக் கோப்பில் ஒரு வரியைச் சேர்க்கச் சொல்லும். பாஷில் அது வீட்டு அடைவில் உள்ள புள்ளி-பாஷ்-ஆர்.சி. என்ற கோப்பு. புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் அந்த வரியைச் சேர்க்காமலேயே, “அண்ணா, நிறுவிட்டேன், ஆனா அப்படி ஒரு கட்டளையே இல்லைன்னு சொல்லுது” என்று வந்து நின்றார். தாவும் கருவியை மற்ற நிரல்களைப் போல நிறுவினால் மட்டும் ஏன் போதாது என்பதைப் புரிந்துகொள்ள, லினக்ஸுக்கு முன்னோடியான யூனிக்ஸ் இயங்குதளத்தின் தொடக்க நாட்களுக்குப் போக வேண்டும்.

தாய்ச் செயல்முறையும் பிள்ளைச் செயல்முறையும்

பெல் ஆய்வகத்தில் கென் தாம்சனும் டென்னிஸ் ரிட்சியும் யூனிக்ஸை 1969-இல் உருவாக்கத் தொடங்கினார்கள். அதன் ஆரம்ப வடிவத்தில், அடைவை மாற்றும் கட்டளை மற்ற எல்லாக் கட்டளைகளையும் போல ஒரு தனி நிரலாகவே இருந்தது. அதன் பெயர் அப்போது சி.எச்.-டி.ஐ.ஆர். பிறகு ஃபோர்க் என்னும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார்கள். அதன்படி, ஷெல் ஒரு கட்டளையை இயக்கும்போது தன்னைப் போலவே ஒரு பிள்ளைச் செயல்முறையை (செயல்முறை என்பது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்) உண்டாக்கி, வேலையை அதனிடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும். எல்லாம் நன்றாக நடந்தது, அடைவை மாற்றும் கட்டளை மட்டும் வேலை செய்யவில்லை. ஃபோர்க்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று நிரலைப் படித்துப் படித்துத் திகைத்ததை ரிட்சியே பின்னாளில் எழுதியிருக்கிறார். உண்மை எளிமையானது: பிள்ளைச் செயல்முறை தன் நடப்பு அடைவைச் சரியாகத்தான் மாற்றிக்கொண்டது, ஆனால் மாற்றிய மறுகணமே அது முடிந்துபோனது. மகன் அம்பத்தூருக்குப் போய்ச் சேர்ந்ததால் அடையாறில் இருக்கும் தாய் அங்கே போய்ச் சேர்ந்தவள் ஆகிவிட மாட்டாள். ஆகவே அந்தக் கட்டளையை மட்டும் பிள்ளையிடம் ஒப்படைக்காமல் ஷெல் தானே நிறைவேற்றும்படி மாற்றினார்கள். சி.டி. இன்றும் ஷெல்லின் உட்கட்டளையாகவே இருக்கிறது.

தாவும் கருவிக்கும் இதே தடை இருக்கிறது. அது தனி நிரலாக மட்டும் இருந்தால், போக வேண்டிய பாதையைக் கண்டுபிடிக்க முடியுமே தவிர, ஷெல்லை அங்கே நகர்த்த முடியாது. எனவே எல்லாக் கருவிகளும் ஏதேனும் ஒரு வகையில் ஷெல்லுக்குள் ஏற்றப்படும் ஒரு சிறிய ஃபங்ஷனை (பெயரிட்ட கட்டளைத் தொகுப்பை) வைத்திருக்கின்றன. பாதையைத் தெரிந்துகொண்டு சி.டி.யை அழைப்பது அந்த ஃபங்ஷன்தான். தொடக்கக் கோப்பில் நாம் சேர்க்கும் வரி செய்வதெல்லாம், ஒவ்வொரு சன்னல் திறக்கும்போதும் அந்த ஃபங்ஷனை ஷெல்லுக்கு அறிமுகம் செய்வதே. வரியைச் சேர்த்த பிறகு புதிய சன்னல் ஒன்றைத் திறக்க வேண்டும். ஏற்கெனவே திறந்திருக்கும் சன்னல் அதை அறியாது. தம்பியின் சிக்கல் அத்துடன் தீர்ந்தது.

கருவியே கவனித்துக் கற்றுக்கொள்வது

இரண்டாவது வகைக் கருவிகளிடம் நாம் எதையும் சேமிக்கச் சொல்வதில்லை. ஆட்டோஜம்ப், இசட், ஸாக்சைடு ஆகியவை இந்த வகை. நாம் எந்தெந்த அடைவுக்குப் போகிறோம் என்பதை இவை பின்னணியில் கவனித்து எழுதிக்கொண்டே வருகின்றன. பிறகு பாதையின் ஒரு துண்டைச் சொன்னால், அதற்குப் பொருந்தும் அடைவுகளுள் நாம் நினைத்தது எதுவாக இருக்கும் என்று ஊகித்து அங்கே தாவுகின்றன. இசட் என்ற கருவி தன் குறிப்பைச் சாதாரண உரைக்கோப்பாகவே வைத்திருக்கிறது: பாதை, மதிப்பெண், கடைசியாகப் போன நேரம் என்று வரிக்கு மூன்று தகவல்கள். ஒருமுறை அதைத் திறந்து படித்துப் பாருங்கள். கருவியின் மீதிருக்கும் மாயத்தன்மை விலகிவிடும்.

எத்தனை முறை போனோம் என்பதை மட்டும் பார்த்தால் சென்ற ஆண்டு முடிந்த வேலையே என்றென்றும் முதலிடத்தில் இருக்கும். எப்போது போனோம் என்பதை மட்டும் பார்த்தால், தவறிப்போய் ஒரு நிமிடம் எட்டிப்பார்த்த அடைவு முதலிடத்துக்கு வந்துவிடும். ஆகவே இரண்டையும் கலந்து கணக்கிடுகிறார்கள். 2008-இல் வெளியான ஃபயர்ஃபாக்ஸ் 3 உலாவியின் முகவரிப் பட்டையில் நாம் இரண்டு எழுத்து தட்டியதும் சரியான தளம் மேலே வந்து நின்றதற்கும் இந்தக் கலவைக் கணக்குதான் காரணம்.

ஸாக்சைடு செய்யும் கணக்கு இது: ஓர் அடைவுக்குப் போகும் ஒவ்வொரு முறையும் அதன் மதிப்பெண்ணில் ஒன்று கூடுகிறது. தேடும் நேரத்தில், கடந்த ஒரு மணி நேரத்துக்குள் போயிருந்தால் அந்த மதிப்பெண்ணை 4-ஆல் பெருக்குகிறது. ஒரு நாளைக்குள் என்றால் 2-ஆல் பெருக்குகிறது. ஒரு வாரத்துக்குள் என்றால் 2-ஆல் வகுக்கிறது. அதற்கும் முந்தையது என்றால் 4-ஆல் வகுக்கிறது. எல்லா அடைவுகளின் மதிப்பெண்களும் சேர்ந்து 10,000-ஐத் தாண்டினால் அனைத்தையும் ஒரே விகிதத்தில் குறைத்து, ஒன்றுக்கும் கீழே போனவற்றை மறந்துவிடுகிறது.

ஓர் உதாரணத்தில் இதைப் பார்ப்போம். 2023-ஆம் ஆண்டின் அடையாறு அடைவுக்கு 60 மதிப்பெண். மிக்ஜாம் புயல் வந்த ஆண்டு என்பதால் அதில் வேலை அதிகம். ஆனால் அங்கே போய்ப் பத்து நாளாகிறது. 2024-இன் அடையாறு அடைவுக்கு 8 மதிப்பெண்தான். அரை மணி நேரத்துக்கு முன்பு அங்கே இருந்தோம். பழையதற்கு 60-ஐ 4-ஆல் வகுத்து 15, புதியதற்கு 8-ஐ 4-ஆல் பெருக்கி 32. இப்போது ‘அடையாறு’ என்றால் புதியது வரும். மறுநாள் காலையிலும் 16-க்கு 15 என்று மயிரிழையில் புதியதே வெல்லும். நான்கு நாள் கணினிப் பக்கமே வராமல் இருந்துவிட்டால்? புதியது 4-ஆகச் சுருங்கும், பழையது அதே 15-இல் நிற்கும்.

2025 பொங்கல் விடுமுறை முடிந்து அலுவலகம் வந்த காலையில் எனக்கு இதுதான் நடந்தது. விடுமுறைக்கு முன் பத்து முறை சரியாகத் தாவிய அதே சொல்லைத் தட்டினேன், திரையில் என்ன பாதை இருக்கிறது என்று பார்க்கவில்லை, மங்கலான படங்களைக் களைவதற்காக எழுதி வைத்திருந்த அழிக்கும் கட்டளையை ஏவினேன். போனது 2023-இன் படங்கள். வெளிவட்டு ஒன்றில் நகல் இருந்ததால் மாலைக்குள் மீட்டுவிட்டோம். கருவியின் மீது பிழை சொல்ல எனக்கு வழியில்லை. அது தன் கணக்கின்படி சரியாகத்தான் நடந்துகொண்டது. அன்றே இரண்டு மாற்றங்களைச் செய்தேன். தாவிய பிறகு போய்ச் சேர்ந்த பாதையைத் திரையில் அச்சிடும்படி ஸாக்சைடுக்கு ஒரு சூழல் மாறி (நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்பு மதிப்பு) இருக்கிறது, அதை இயக்கிவைத்தேன். எதையேனும் அழிக்கப் போகும் நாளில் ஒரு சொல்லுக்குப் பதிலாக இசட் 2024 அடையாறு என்று (ஸாக்சைடில் தாவும் கட்டளையின் பெயரும் இசட்தான்) இரண்டு சொற்களாகத் தரத் தொடங்கினேன்.

ஒன்றுக்கு மேற்பட்ட சொற்களைத் தரும்போது சில விதிகள் உண்டு. சொற்கள் பாதையில் நாம் சொன்ன வரிசையிலேயே வர வேண்டும். கடைசிச் சொல் பாதையின் கடைசி அடைவின் பெயரில் இருந்தாக வேண்டும். ஆகவே இசட் அடையாறு என்றால் மண்டல அடைவோடு நின்றுவிடும், அதற்குள் இருக்கும் படங்களுக்குப் போகாது; அதற்கு இசட் அடையாறு படங்கள் என்று சொல்ல வேண்டும். வெறுமனே இசட் படங்கள் என்பது சென்னையில் ஆட்டோவில் ஏறி ‘பிள்ளையார் கோயில் தெரு’ என்று மட்டும் சொல்வதைப் போன்றது; எந்தப் பேட்டையில் என்று சொல்லாவிட்டால் ஓட்டுநர் தனக்குப் பழக்கமான தெருவுக்குத்தான் போவார். தமிழ்ப் பெயர்களில் இன்னொரு கண்ணியும் இருக்கிறது. கருவி சொல்லின் எல்லையைப் பார்ப்பதில்லை, எழுத்துத் தொடரை மட்டுமே பார்க்கிறது. ‘வரைபடங்கள்’ என்பதற்குள்ளும் ‘படங்கள்’ இருக்கிறது. நாங்கள் அந்த அடைவின் பெயரை ‘நிலவரை’ என்று மாற்றிய பிறகுதான் குழப்பம் நின்றது. பொருந்துபவை எல்லாவற்றையும் பட்டியலாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்க விரும்பினால், இசட்-ஐ என்ற கட்டளை இருக்கிறது, அதற்கு எஃப்.இசட்.எஃப். என்ற துணைக்கருவியையும் நிறுவ வேண்டும்.

எழுத்து ஒன்று, குறியீடு இரண்டு

எங்களை ஒரு வாரம் அலைக்கழித்த ஒரு சிக்கல், தமிழுக்கே உரியது. கோடம்பாக்கத்துக்கு மட்டும் தாவல் சில சமயம் வேலை செய்யும், சில சமயம் செய்யாது. ‘கோ’ என்ற எழுத்தை, எழுத்துகளுக்கு எண் தரும் பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம்: ககரத்தோடு ஓகாரக் குறியை ஒரே குறியீடாகச் சேர்ப்பது ஒன்று, ககரத்தோடு இரட்டைக் கொம்பையும் காலையும் தனித்தனிக் குறியீடுகளாகச் சேர்ப்பது மற்றொன்று. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். அந்தக் குறியீடுகளைக் கணினியில் சேமிக்கும் யூ.டி.எஃப்.-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட்டுகள் ஆதலால், முதல் வகைக்கு 6 பைட்டும் இரண்டாவதற்கு 9 பைட்டும் ஆகும். லினக்ஸ் கோப்பு முறைமைக்கும் தாவும் கருவிக்கும் தெரிவது பைட்டுகள் மட்டுமே. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய பட்டியலைக் கொண்டு உருவாக்கிய அடைவுகளில் இரண்டாம் வகை புகுந்திருந்தது. நாங்கள் விசைப்பலகையில் தட்டியது முதல் வகை. கன்வ்-எம்.வி. என்ற கருவி அடைவுப் பெயர்களை ஒரே வகைக்கு மாற்றித் தருகிறது. மாற்றிய பின் பழைய குறிப்பெயர்களை மட்டும் மறுபடி சேமிக்க வேண்டியிருந்தது, ஏனெனில் அவை பழைய பைட்டுகளையே சுட்டிக்கொண்டிருந்தன.

புதியவர் எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டால், முதல் வாரம் சிறுகோட்டையும், அடுத்துக் குறிப்பெயர்களையும் பழகச் சொல்வேன். ஆண்டுக்கணக்காக மாறாத ஐந்தாறு இடங்களுக்குக் குறிப்பெயரே பொருத்தம். நாம் வைத்த பெயர் விடுமுறைக்குப் பின்னும் அதே இடத்துக்குத்தான் போகும். வாரத்துக்கு வாரம் வேலை நடக்கும் இடம் மாறுபவர்களுக்கு ஸாக்சைடு நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டையும் ஒரே கணினியில் வைத்துக்கொள்வதில் தடையேதும் இல்லை. நானும் அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இரவில் தானாக ஓடும் ஸ்கிரிப்டுகளில் மட்டும் இவற்றுள் எதையும் பயன்படுத்துவதில்லை. அப்படி ஓடும் ஷெல் வழக்கமாகப் புள்ளி-பாஷ்-ஆர்.சி. கோப்பைப் படிப்பதில்லை என்பதால், தாவும் ஃபங்ஷன் அங்கே இருக்கவே இருக்காது. இருந்தாலும், ஆளில்லாத நேரத்தில் ஊகத்தை நம்பி அடைவு மாறுவதை நான் விரும்ப மாட்டேன். வெளிவட்டுக்கு நகலெடுக்கும் எங்கள் ஸ்கிரிப்டில் 15 மண்டலங்களின் பாதைகளும் வேரிலிருந்து முழுமையாக எழுதப்பட்டிருக்கின்றன.